கதையில் வருபவன் மாறுவான், இவர் மாறுவாரா?

அன்புள்ள மேடம்,

எனக்கு 28 வயது. சொந்த ஊர் கும்பகோணம் பக்கம். தென்னாப்பிரிக்காவில் டர்பனில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். சாட்ஸ்வொர்த்தில் இன்னொரு பெண்ணோடு வாடகை வீட்டில் இருக்கிறேன். இங்கே தமிழ்ப் பெயர் வைத்தவர்கள் தெருவுக்குத் தெரு உண்டு, கோயில்களும் உண்டு. ஆனால் கரும்புத் தோட்ட வேலைக்கு வந்தவர்களின் நாலாவது, ஐந்தாவது தலைமுறை என்பதால் பேசுவதெல்லாம் இங்கிலீஷ்தான். நாள் முழுக்கத் தமிழே காதில் விழாது. அதனால் ராத்திரி படுத்ததும் போனில் தமிழ்த் தொடர்கதை படிக்க ஆரம்பித்தேன். முதலில் குடும்பக் கதைகள். அப்புறம் ஆன்ட்டி ஹீரோ கதைகள், அதாவது ஹீரோவே கொடுமைக்காரனாக வருகிற கதைகள். இப்போது அவை மட்டும்தான்.

இப்போது படிக்கும் கதையில் ஹீரோ பெரிய தொழிலதிபர், திமிர் பிடித்தவன். பெண்ணின் அப்பா வாங்கிய கடனைக் காட்டி மிரட்டித் தாலி கட்டுகிறான். அவளை வேலையை விட வைக்கிறான், போனைப் பிடுங்கிக்கொள்கிறான், வார்த்தையால் குத்துகிறான். ஆனால் அவளுக்குக் காய்ச்சல் வந்த ராத்திரி, நெற்றியில் ஈரத்துணியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு விடியும் வரை தூங்காமல் உட்கார்ந்திருக்கிறான். அந்த யூடியை (தொடரில் புதிதாகப் போடும் அத்தியாயத்தை அப்படித்தான் சொல்வோம்) திரும்பத் திரும்பப் படித்தேன். மனசு உருகிவிட்டது.

நானும் இந்த ஊர்க்காரர் ஒருவரோடு பழகுகிறேன். தமிழ் வம்சாவளி, வசதியான குடும்பம், சொந்தத் தொழில். ஆரம்பத்தில் என்னைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார். இப்போது நான் எங்கே இருக்கிறேன் என்று வாட்ஸ்அப்பில் லொக்கேஷன் எப்போதும் ஆனில் இருக்க வேண்டும். தைப்பூசத்துக்குக் காவடி பார்க்கப் போனபோது அனுப்பிய போட்டோவில் பக்கத்தில் நின்றது யார் என்று ராத்திரி முழுக்கக் கேட்டார். என் போனிலிருந்து ஆபீஸ் நண்பர்கள் சிலரின் நம்பரை அவரே அழித்துவிட்டார். ஒரு தடவை ஏதோ பேச்சில் கோபம் வந்து ஹைவேயில் காரைக் கண்மண் தெரியாமல் ஓட்டினார். நான் கத்தி அழுததும் ஓரமாக நிறுத்தி, என் கையைப் பிடித்துக்கொண்டு அவரும் அழுதார். என்மேல் அவ்வளவு பிரியம்.

அடுத்த வருஷம் கல்யாணம் செய்துகொள்ளலாம், வேலையை விட்டுவிடு, என் பேரில் விசா மாற்றிக்கொள்ளலாம் என்கிறார். அம்மாவிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. “கதை படிச்சுப் படிச்சு உனக்குப் புத்தி கெட்டுப்போச்சு” என்கிறாள் கூட இருப்பவள். கதை படிப்பதை நிறுத்த வேண்டுமா மேடம்? கல்யாணம் ஆனால் இவர் மாறிவிடுவார்தானே?

ஒரு வாசகி, டர்பன்

*

அன்புத் தோழிக்கு,

நீங்கள் கேட்டது கதையைப் பற்றி. என் கண் நின்றது காரில். அங்கே நடந்ததை நாலு வரியில் சொல்லி முடித்து, “அவ்வளவு பிரியம்” என்று ஒரு முத்திரையும் குத்திவிட்டீர்கள். அதனால் அதைத்தான் முதலில் பேச வேண்டும். கோபத்தில் காரை வேகமாக ஓட்டி, பக்கத்தில் இருப்பவரை உயிர்ப்பயத்தில் கதறவிடுவது வன்முறை. கை நீட்டவில்லை என்பதால் அது குறைந்துபோகாது. ஓடும் காரிலிருந்து நீங்கள் இறங்கிப் போக முடியாது என்பது அவருக்கும் தெரியும்.

இப்போது கதைக்கு வருகிறேன். இந்தக் கதைகளைப் படிப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பகல் முழுக்க வேறு மொழியில் பேசி, எல்லா முடிவையும் தனியாக எடுத்து, ராத்திரி ஆளில்லாத அறைக்கு வருகிற பெண்ணுக்கு, “நீ இல்லாமல் முடியாது” என்று ஒருவன் வெறிகொண்டு நிற்கிற கதை பிடிப்பதில் அதிசயம் இல்லை. அதுவும் வீட்டில் பேசிய தமிழில். அந்தப் பயமும் படபடப்பும் ஏன் சுகமாக இருக்கின்றன? கடிவாளம் உங்கள் கையில் இருக்கிறது. பிடிக்காத யூடியைத் தள்ளிவிடலாம், போனை அணைத்துவிட்டுத் தூங்கலாம், கடைசியில் சுபம் என்பது முன்பே தெரியும். இதையெல்லாம் படித்துவிட்டு நல்ல துணையோடு நிம்மதியாக வாழும் பெண்களை நான் நிறையப் பார்க்கிறேன். உங்கள் தோழி அக்கறையில்தான் சொல்கிறாள், ஆனால் பழியைத் தவறான இடத்தில் போடுகிறாள். உங்கள் போனிலிருந்து நம்பரை அழித்தது கதை இல்லையே.

ஆனால் கதை உங்களுக்கு ஒரு பழக்கத்தைக் கொடுத்திருக்கிறது, அதைச் சொல்லியாக வேண்டும். ஹீரோ என்ன கொடுமை செய்தாலும், இரண்டு யூடி கழித்து ஆசிரியர் அவன் மனதைத் திறந்து காட்டிவிடுவார். சின்ன வயதில் அம்மா விட்டுப் போன வலி, இவளையும் இழந்துவிடுவோமோ என்ற பயம், உள்ளுக்குள் குமுறும் காதல், எல்லாம் நமக்குத் தெரிந்துவிடும். அது தெரிவதால்தான் மன்னிக்கிறோம். நிஜத்தில் யாருடைய மனதையும் இப்படித் திறந்து காட்டுகிற ஆசிரியர் கிடையாது. நமக்குக் கிடைப்பது அவர் செய்கிற காரியம் மட்டும். உங்கள் நண்பரின் மனதில் என்ன இருக்கிறது என்கிற அந்த அத்தியாயத்தை, அவருக்குப் பதிலாக நீங்களே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். கடிதத்தை இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். காரை ஓட்டியதும் அழுததும் அவர் செய்தவை, “அவ்வளவு பிரியம்” என்பது நீங்கள் எழுதிச் சேர்த்தது.

அவர் அழுதது நடிப்பு என்று நான் சொல்லவில்லை. உண்மையாகவே அழுதிருக்கலாம். ஆனால் அந்த அழுகைக்குப் பிறகு என்ன மாறியது? அழித்த நம்பர்கள் திரும்பி வந்தனவா? லொக்கேஷனை அணைத்துக்கொள் என்றாரா? வேலையை விடு என்கிறார், அவ்வளவுதான். பயமுறுத்துவதும் பிறகு உருகுவதும் மாறி மாறி வரும்போது, வெறும் அன்பில் உண்டாவதைவிட இறுக்கமான ஒரு பிணைப்பு உண்டாகும். கனடாவின் டொனால்ட் டட்டன், சூசன் பெயின்டர் என்ற இரு உளவியலாளர்கள் 1981-இல் இதை விளக்கி எழுதினார்கள். பயத்தில் தவித்த மனது, அதே ஆள் தருகிற ஆறுதலைப் பிடித்துத் தொங்கும். தள்ளிப்போக மனசு வரவில்லையே என்று உங்களுக்குத் தோன்றினால் காரணம் இதுதான். உங்கள் புத்தியில் ஒரு கோளாறும் இல்லை.

நீங்கள் இருக்கும் நாட்டின் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் குடும்ப வன்முறைச் சட்டம் 1998-இல் வந்தது. அதற்கு 2021-இல் இயற்றப்பட்ட திருத்தம் 2023 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. ஒருவருடைய அன்றாட நடவடிக்கைகளைத் தன் பிடியில் வைப்பது, துணைக்கு இருப்பவர்களிடமிருந்து அவரைப் பிரிப்பது, சொந்தக் காலில் நிற்கவும் தப்பிக்கவும் வேண்டிய வழிகளைப் பறிப்பது எல்லாம் வன்முறைதான் என்று அந்தத் திருத்தம் வரையறுத்திருக்கிறது. கல்யாணம் ஆகியிருக்க வேண்டும் என்பதில்லை, பழகுகிறவர்களுக்கும் இந்தச் சட்டம் பொருந்தும். மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம். லொக்கேஷன், நம்பர்கள், வேலை என்று நீங்கள் எழுதிய மூன்றையும் அந்த வரையறையோடு வைத்துப் பாருங்கள்.

விசா விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பாகப் பேசுகிறேன். வேலையை விடாதீர்கள். திருமண உறவை வைத்து அந்த நாட்டில் தரும் விசா, அந்த உறவு இருக்கும் வரைதான் செல்லும். இப்போது உங்கள் சம்பளமும் விசாவும் உங்கள் உழைப்பில் நிற்கின்றன. இரண்டையும் அவர் கையில் கொடுத்துவிட்டால், நாளைக்கு ஒரு சண்டையில் “ஊருக்கே போ” என்ற ஒரு வார்த்தை போதும் உங்களை மடக்க.

மாறுவாரா என்று கேட்டீர்கள். மனிதர்கள் மாறுவதுண்டு. தான் செய்தது தப்பு என்று தானே உணர்ந்து, தானே போய் உதவி தேடி, நீங்கள் “மாட்டேன்” என்று சொல்வதைப் பல மாதங்கள் கோபமில்லாமல் ஏற்றுக்கொள்பவர் மாறலாம். நீங்கள் எழுதியதில் அதற்கான ஒரு அடையாளமும் எனக்குத் தெரியவில்லை. தாலி கட்டினால் மாறுவார் என்பது கதையில் நடக்கும். என்னிடம் வருகிற பெண்கள் சொல்வது, கல்யாணத்துக்குப் பிறகு பிடி இறுகியது என்றுதான்.

இனி அவர் காரில் தனியாக ஏறாதீர்கள். விலகுவதாக முடிவெடுத்தால் நேரில் தனியே சந்தித்துச் சொல்ல வேண்டாம், போனில் சொல்லுங்கள். பெண் விலகுகிற நேரத்தில்தான் இப்படிப்பட்டவர்களின் கோபம் அதிகமாகும். அவர் கையில் போயிருந்த போன் என்பதால் பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். ஆனால் லொக்கேஷனைத் திடீரென்று நிறுத்தினால் அவர் வீட்டு வாசலுக்கு வரக்கூடும். அன்றைக்குத் தோழி வீட்டில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். அவளிடம் கார் விஷயத்தையும் சேர்த்து முழுதாகச் சொல்லிவிடுங்கள். மிரட்டல் வந்தால், பெண்கள் மீதான வன்முறைக்காக அந்த நாட்டு அரசு நடத்தும் 0800 428 428 என்ற இலவச எண் 24 மணி நேரமும் இருக்கிறது.

அம்மாவிடம் இந்த வாரமே பேசுங்கள். திட்டுவார்கள் என்று பயமாக இருந்தால், இந்தக் கடிதத்தையே முதலில் படித்துக் காட்டுங்கள். பேசியபின் எனக்கு எழுதுங்கள், அடுத்து செய்ய வேண்டியதைச் சேர்ந்து யோசிப்போம்.