ஊசிக்குப் பயந்த மகளை ஒப்பரேசனுக்கு எப்படிக் கூட்டிப்போவது?

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு தாய் கேட்கிறார்: "மகளுக்கு ஐந்து வயது. போன மாரியில் டெங்கு வந்து வாட்டில் இருந்தபோது தினமும் இரத்தம் எடுத்தார்கள். 'ஊசி இல்லை, சும்மா பார்க்கத்தான்' என்று சொல்லித்தான் ஒவ்வொரு தடவையும் கூட்டிப்போனேன். இப்போது நேர்ஸைக் கண்டாலே கத்துகிறாள். அடுத்த வாரம் குடலிறக்க ஒப்பரேசன். எனக்கே இரத்தத்தைக் கண்டால் தலை சுற்றும். என்ன செய்வது?"

அம்மா, முதலில் அந்தப் பொய்யைச் சரிசெய்யுங்கள். "அண்டைக்கு ஊசி இல்லை எண்டு சொன்னது அம்மாட பிழை. இனி உள்ளதைத்தான் சொல்லுவன்" என்று அவளிடம் சொல்லுங்கள். ஊசியைவிட, எப்போது குத்துவார்களோ என்று தெரியாமல் இருப்பதுதான் அவளை வதைக்கிறது. டெங்குவில் குருதிச் சிறுதட்டுகள் (பிளேட்லெட்) இறங்குகின்றனவா என்று பார்க்கத்தான் திரும்பத் திரும்ப இரத்தம் எடுத்தார்கள். ஆனால் இந்த வயதுப் பிள்ளை அதைத் தண்டனை என்று நினைத்திருக்கும். "குழப்படி செய்தால் டொக்டரிட்டச் சொல்லி ஊசி போடுவன்" என்று நம் வீடுகளில் சொல்கிறோமே, அது இன்றோடு நிற்கட்டும். அம்மம்மாவுக்கும் சொல்லிவையுங்கள்.

ஒப்பரேசன் பற்றி ஓரிரு நாளைக்கு முன் சொன்னால் போதும். ஊசியில்லாத சிறிஞ்சை ஒன்றைக் கொடுத்து, பொம்மைக்கு அவளே மருந்து ஏற்றட்டும். கையில் மருந்து ஏற்றுகிற கனியூலா போட்டபின் ஊசியை எடுத்துவிடுவார்கள், மெல்லிய குழாய் மட்டும்தான் உள்ளே இருக்கும். இதை யாரும் சொல்லாததால், ஊசி உள்ளேயே கிடக்கிறது என்று நினைத்துக் கையை அசைக்காமல் இருக்கும் பிள்ளைகள் நிறைய. "வலிக்குமா?" என்று கேட்டால், "சில பிள்ளைகள் நுள்ளுற மாதிரி எண்டு சொல்லுவாங்க. உனக்கு எப்படி இருந்தது எண்டு பிறகு சொல்லு" என்பதே நேர்மையான பதில்.

தோலை மரக்கச் செய்யும் களிம்பு பூச முடியுமா என்று முன்கூட்டியே கேளுங்கள். அது வேலைசெய்ய ஏறக்குறைய ஒரு மணி நேரம் எடுக்கும், கடைசி நிமிடத்தில் கேட்டுப் பயனில்லை. நாலு பேர் படுக்கவைத்துப் பிடித்தால் பயம் கூடும். உங்கள் மடியில், நெஞ்சோடு அணைத்தபடி உட்காரவைக்கலாமா என்றும் கேளுங்கள். "ஒண்டுமில்ல, ஒண்டுமில்ல" என்று திரும்பத் திரும்பச் சொல்வது பயத்தைத் தணிப்பதில்லை, பெரும்பாலும் கூட்டிவிடுகிறது. அதைவிடச் சவர்க்கார நுரைக் குமிழியை நீளமாக ஊதச் சொல்லுங்கள், அல்லது கல்லடிக் கடற்கரையில் என்ன விளையாடினோம் என்று கேளுங்கள்.

அப்புறம், உங்கள் தலைசுற்று. இருந்துகொண்டே கால், வயிற்றுத் தசைகளைப் பத்துப் பதினைந்து விநாடி இறுக்கித் தளர்த்துங்கள், சில தடவை செய்யுங்கள். ஊசியைப் பார்க்காமல் அவள் முகத்தைப் பாருங்கள். முடியாதென்று தோன்றினால் அப்பாவோ சித்தியோ உள்ளே போகட்டும். அதில் வெட்கப்பட எதுவுமில்லை.

ஒன்றில் மட்டும் இரக்கம் வேண்டாம். எத்தனை மணியிலிருந்து எதுவும் கொடுக்கக்கூடாது என்கிறார்களோ, அதற்குப்பின் பசியில் அழுதாலும் ஒரு பிஸ்கட்கூடக் கொடுக்காதீர்கள். மயக்கத்தில் வாந்தி வந்தால் அது நுரையீரலுக்குள் போய்விடலாம்.

எல்லாம் முடிந்த அன்றே, அவள் செய்த நல்ல காரியம் ஒன்றைப் பெயர்சொல்லிப் பேசுங்கள். எவ்வளவு அழுதிருந்தாலும் பரவாயில்லை. அவள் காதுபட அம்மம்மாவுக்குப் போன் எடுத்து, "பிள்ளை கையை அசைக்காம வச்சிருந்தா, குமிழியெல்லாம் ஊதினா" என்று சொல்லுங்கள். அடுத்த முறை கிளினிக் போகும்போது அவளுக்கு ஞாபகம் வர வேண்டியது அதுதான்.