காரின் மின்விசிறி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: நெரிசலில் நின்றால் எஞ்சின் சூடேறுகிறது; வேகமாக ஓட்டினால் சூடு இறங்கிவிடுகிறது. ரேடியேட்டரை மாற்ற வேண்டுமா?

பதில்: அவசரப்பட்டு மாற்றிவிடாதீர்கள். ஓட்டத்தில் எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்வித்துவிடும். நிற்கும்போது அந்த வேலை முழுவதும் விசிறியின் தலையில் விழுகிறது. ஆகவே முதல் சந்தேகம் விசிறியின் மேல்தான். எஞ்சினை ஓடவிட்டு ஏ.சி.யைப் போடுங்கள், பெரும்பாலான கார்களில் விசிறியும் சேர்ந்து சுழலும். சுழலாமல், ஃபியூஸும் நன்றாக இருந்தால், எஞ்சினை நிறுத்தி, மோட்டாரின் இணைப்பைக் கழற்றிவிட்டு, அது இரண்டு வயர் மோட்டாராக இருக்கும்பட்சத்தில் ஃபியூஸ் வைத்த வயரால் பேட்டரியிலிருந்து நேரடியாக மின்சாரம் கொடுத்துப் பாருங்கள். சுழன்றால் குறை ரிலேயிலோ (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் சுவிட்ச்), வெப்ப சுவிட்சிலோ, வயரிலோ இருக்கிறது. மோட்டாரை லேசாகத் தட்டிய பிறகே சுழல்கிறது என்றால், மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரம் தரும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கக்கூடும்.

கேள்வி: பழைய காரில் புதிதாக விசிறி பொருத்தினேன். டாஷ்போர்டு சுவிட்ச் உருகிவிட்டது. ஏன்?

பதில்: மோட்டாருக்குரிய மின்னோட்டம் முழுவதையும் அந்தச் சிறிய சுவிட்ச் வழியாக விட்டிருப்பீர்கள். 12 வோல்ட்டில் 240 வாட் மோட்டார் 20 ஆம்பியர் இழுக்கும். கிளம்பும் நொடியில் அதைவிட மிக அதிகம். ரிலே கட்டாயம் வேண்டும். பேட்டரியிலிருந்து வரும் தடித்த வயர் ஃபியூஸ் வழியாக ரிலேயின் 30-ஆம் முனைக்கும், 87-இலிருந்து மோட்டாருக்கும் போகட்டும். சுவிட்ச் 85, 86 முனைகளுக்கிடையே உள்ள சுருளை மட்டும் இயக்கினால் போதும். ஃபியூஸ் பேட்டரிக்கு மிக அருகில் இருக்க வேண்டும். தள்ளி வைத்தால், இடைப்பட்ட வயர் உரசி ஷார்ட் ஆகும்போது தடுக்க எதுவும் இராது.

எர்த்தையும், அதாவது காரின் உடலோடு சேரும் நெகட்டிவ் இணைப்பையும், அலட்சியம் செய்யாதீர்கள். என்னிடம் வந்த ஒரு காரில் ரிலே, மோட்டார், வயர் எல்லாமே புதியவை. ஆனால் எர்த் முனையைப் பெயின்ட்டின் மேலேயே வைத்து முறுக்கியிருந்தார்கள், விசிறியோ சோம்பலாகச் சுற்றியது. இரும்பு பளிச்சென்று தெரியும்வரை பெயின்ட்டைச் சுரண்டி மீண்டும் முறுக்கியதும் விசிறியின் இரைச்சலே மாறிவிட்டது.

கேள்வி: ரேடியேட்டருக்கு முன்னால் பொருத்திய விசிறி காற்றை வெளியே தள்ளுகிறது. வயர்களை இடம் மாற்றினால் சரியாகுமா?

பதில்: சுழலும் திசை மாறும், ஆனால் இறக்கையின் வளைவு ஒரு திசைக்கென்றே அமைந்திருப்பதால் காற்று குறையும். இறக்கையையும் திருப்பிப் போட வழியிருக்கிறதா என்று பாருங்கள். இடமிருந்தால் ரேடியேட்டருக்குப் பின்னால் வைத்துக் காற்றை இழுக்கச் செய்வதே என் விருப்பம்.

கேள்வி: எஞ்சினை நிறுத்திய பின்னும் விசிறி ஓடுகிறதே?

பதில்: பல கார்களில் சில நிமிடங்கள் ஓடுவது இயல்பு. எஞ்சின் ஆறிய பின்னும் நிற்கவில்லை என்றால் ரிலேயைக் கழற்றிப் பாருங்கள்; அதன் தொடுமுனைகள் ஒட்டிக்கொண்டிருக்கலாம். சாவி அணைந்திருந்தாலும் விசிறி திடீரெனச் சுழலக்கூடும் என்பதால், இறக்கையின் அருகே கை வைக்கும் முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுங்கள்.