பழைய ரிப்போர்ட் ஏன் கணினியில் வரவில்லை?

கேள்வி: என் அப்பத்தாவுக்குச் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு இரண்டும் உண்டு. அரசு மருத்துவமனையில் ரத்தம், ஈ.சி.ஜி. எல்லாம் பார்த்துவிட்டுப் பெரிய மருத்துவமனைக்கு எழுதிக்கொடுத்தார்கள். அங்கே, "கணினியில் ஒன்றும் இல்லை" என்று மறுபடி எடுக்கச் சொன்னார்கள். ஏன்?
– வாசகி, தேவகோட்டை

பதில்: பெரும்பாலும் அப்பத்தா அங்கே வேறு ஆளாகப் பதிவாகியிருப்பார். உமையாள் என்ற பெயரை ஆங்கிலத்தில் தட்டும்போது ஒருவர் 'ஒய்' மட்டும் போடுவார், இன்னொருவர் 'ஐ'யும் சேர்ப்பார். நம் பக்கத்து இனிஷியலோ ஓரெழுத்தோடு நிற்காது. 'ராம.பெரி.' ஓரிடத்தில் முன்னால் வரும், ஓரிடத்தில் பின்னால் வரும், ஓரிடத்தில் விட்டே போகும். வயது குத்துமதிப்பு. கைபேசி எண் அன்றைக்குக் கூட வந்த பேரனுடையது. எதை வைத்துத் தேடினாலும் பழைய பதிவு சிக்காமல் புது எண் விழுந்துவிடுகிறது.

இன்னொன்று, ஆய்வகப் பதிவேட்டில் கையால் எழுதிய முடிவை யாராவது தட்டினால்தான் அது கணினிக்குப் போகும். ஓ.பி. கூட்டத்தில் அது தள்ளிப்போய், விட்டும் போகிறது. ஊழியர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. தட்டுவதற்கென்று தனி ஆள் வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது: பழைய ஓ.பி. சீட்டை எடுத்துப்போய், "ஏற்கெனவே பதிந்திருக்கிறது, இந்த எண்ணில் பாருங்கள்" என்று முதலிலேயே சொல்லுங்கள். எப்போதும் வீட்டில் ஒரே கைபேசி எண்ணைக் கொடுங்கள். ஆதாரை வைத்து 14 இலக்க 'ஆபா' (ABHA) எண், அதாவது அரசு தரும் மருத்துவ அடையாள எண், எடுத்துவையுங்கள், இலவசம்தான். ஓ.பி. கவுன்ட்டரில் கியூ.ஆர். ஒட்டியிருந்தால் ஆபா செயலியில் ஸ்கேன் செய்யுங்கள். பெயர், வயது, முகவரி தட்டாமலே போய்ச்சேரும், டோக்கனும் வரும். எழுத்துப்பிழைக்கு இடமில்லை.

ஆனாலும் காகிதத்தை விடாதீர்கள். ஈ.சி.ஜி. தாள் வெப்பத்தில் அச்சாவது. வெயில் பட்டால், பிளாஸ்டிக் உறையில் கிடந்தால் கோடு மங்கிவிடும். அன்றே ஜெராக்ஸ் எடுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் மருந்தின் பெயரும் அளவும் புரியும்படி இருக்கிறதா என்று வார்டிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஆபாவும் காப்பீட்டு அட்டையும் ஒன்றா?
– வாசகர், காரைக்குடி

பதில்: இல்லை. காப்பீட்டு அட்டை சிகிச்சைச் செலவுக்கு. ஆபா வெறும் அடையாள எண். அதைக் காட்டிப் பணம் கேட்க முடியாது. ரிப்போர்ட்டுகளும் அதற்குள் இல்லை, அந்தந்த மருத்துவமனையில்தான் இருக்கும். வேறு மருத்துவர் பார்க்க உங்கள் செயலிக்கு அனுமதி கேட்டு வரும். எத்தனை நாளுக்கு என்பதைப் பார்த்துக் கொடுங்கள். கொடுத்த அனுமதியைப் பிறகு ரத்தும் செய்யலாம்.