கலவையும் கவலையும்

அன்புள்ள ஐயா,

சொல்லின் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் சரியாக இருந்தால் போதும், நடுவில் எப்படிக் குழம்பினாலும் மூளை வாசித்துவிடும் என்று கேம்பிரிட்ஜில் கண்டுபிடித்திருப்பதாக வட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. என் மாணவன் ஒருவன் அதைக் காட்டி, “பிறகு ஏன் ரீச்சர் எழுத்துப்பிழைக்குப் புள்ளி வெட்டுறீங்கள்?” என்கிறான். என்ன சொல்வது?

– ஓர் ஆசிரியை, நிலாவெளி

அன்புள்ள ரீச்சர்,

அந்தச் செய்தி 2003இலிருந்து சுற்றுகிறது. கேம்பிரிட்ஜில் அப்படியோர் ஆய்வு நடந்ததாகத் தெரியவில்லை என்று அங்கேயே மொழியையும் மூளையையும் ஆராயும் மட் டேவிஸ் அப்போதே எழுதினார். எழுத்து இடம் மாறுவதை ஆராய்ந்தவர் நாட்டிங்ஹாமில் 1976இல் முனைவர் பட்டம் முடித்த கிரஹாம் ராலின்சன். 2006இல் கீத் ரேனர் குழுவினர் ஆங்கில வாசகர்களை வைத்து அளந்தார்கள். நடு எழுத்துகள் மாறினால் வேகம் 11 சதவீதம் குறைந்தது. சொல்லின் தொடக்கத்தில் மாறினால் 36 சதவீதம். வாசிக்கலாம்தான், ஆனால் இலவசமாக இல்லை.

சரி, தமிழுக்கு வருவோம். உட்துறைமுக வீதிப் பக்கம் ஒரு கடைப் பலகையில் ‘சீமெந்துக் கவலை’ என்று எழுதியிருப்பதைக் கண்டேன். கண்டேன் என்பதும் முழு உண்மையில்லை. மூன்று மாதமாகச் சைக்கிளில் அதைக் கடந்து போனவன், ‘கலவை’ என்றே வாசித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் மழைக்கு எதிர்ப்பக்கம் ஒதுங்கி நின்றபோதுதான் எழுத்து எழுத்தாகப் பார்த்தேன். கடைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அண்ணாந்து பார்த்துவிட்டு, “சரியாத்தானே இருக்கு” என்றார்.

வகரமும் லகரமும் இடம் மாறியிருக்கின்றன, ஐகாரக் குறி மட்டும் கடைசி எழுத்தோடேயே நிற்கிறது. வையை அப்படியே தூக்கி நடுவில் வைத்து ‘கவைல’ என்று எழுதியிருந்தால் அவரே திடுக்கிட்டிருப்பார். ‘கவலை’ தானும் ஒரு சொல்லாக இருப்பதால் தப்பிவிட்டது. எபிரேய மொழியில் இந்தச் சிக்கல் இன்னும் கூட: பெரும்பாலான வேர்கள் மூன்று மெய்கள்தான், இரண்டு இடம் மாறினால் பல வேளை வேறொரு வேர் வந்து நிற்கும். நம் தசையும் சதையும் மாதிரி, மாறியும் பொருள் மாறாத அதிர்ஷ்டம் எல்லாச் சொல்லுக்கும் வாய்ப்பதில்லை.

உங்கள் மாணவனை ‘பலகை துடைத்தேன்’ என்பதை ‘பகலை துடைத்தேன்’ என்று எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். புள்ளிக் கணக்கை அப்புறம் பேசலாம்.

கடைப் பலகை இன்னும் மாறவில்லை. போன கிழமை திரும்பக் கேட்டேன். “சீமெந்து விற்கிற விலைக்கு அதுவும் சரிதானே ஐயா” என்றார்.