சூனியக்காரி வீட்டு அடுப்பு: வாசகர் கேள்வி, அக்கா பதில்

போன மாசம் பேய் காமெடி படங்களப் பத்தி நாலு வரி எழுதினதுக்கே இவ்வளவு கேள்வி வந்திருக்கு, அதுல பாதிக்கு மேல ஒரே படத்தப் பத்தி. 2013ல வந்த 'ஹான்சல் அண்ட் கிரெட்டல் கெட் பேக்ட்'. பெத்தவங்க காட்டுல விட்டுட்டுப் போன அண்ணன் தங்கச்சி, வழி தெரிய போட்ட ரொட்டித் துண்டும் போயி, ஆளத் தின்னுற சூனியக்காரி வீட்டுல மாட்டுற பழைய ஜெர்மன் தேவதைக் கதைய இந்தக் காலத்துக்கு மாத்தி எடுத்த படம். அதனால இந்த தடவை பக்கம் முழுக்க அதுக்குத்தான்.

கேள்வி (செந்தூல் வாசகி): அக்கா, என் தம்பி இந்தப் படத்தப் பார்த்துட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறான், எனக்கு அந்த ரத்தத்தப் பார்த்து தலையே சுத்திருச்சு. இது பேய்ப்படமா காமெடியா? 'பேக்ட்'னா கேக் சுடுறதுதானே?

ரெண்டும்தான்மா, பேருலயே ரெண்டும் இருக்கு. 'பேக்ட்'னா அடுப்புல வெந்ததுன்னு ஒரு அர்த்தம், அமெரிக்காவுல பேச்சு வழக்குல கஞ்சா போதையில கிடக்குறவனையும் அப்படித்தான் சொல்லுவாங்க. படத்துல கிரெட்டலோட பாய்பிரெண்ட் கஞ்சா வாங்க ஒரு தனி வீட்டுக் கிழவிகிட்ட போறான், திரும்பி வரல. கிழவி ஆள வெட்டித் தின்னுறா, தின்னத் தின்ன சுருக்கம் போயி இளமையாகிட்டே வர்றா. அந்தக் கிழவியா நடிச்ச லாரா ஃப்ளின் பாய்லுக்காகவே படத்தப் பார்க்கலாம்னு நான் சொல்லுவேன், பாட்டியா இருக்கும்போது குழையுற குரலும் இளமை வந்ததும் நிமிர்ற கழுத்தும் அவ்வளவு அழகா செஞ்சிருக்காங்க. நடுவுல வர்ற வெட்டும் ரத்தமும் எனக்கும் அதிகம்தான், அதுல உன் பக்கம்தான் நான்.

ஆனா ஒண்ணு சரியா பண்ணிருக்காங்க. பழைய கதையில பிள்ளைங்கள இழுக்குறது ரொட்டியால கட்டி கேக்கால கூரை போட்ட வீடு. இப்ப வயசுப் பசங்கள கேக்க காட்டி இழுக்க முடியுமா? அதனால தூண்டில்ல இருக்குற இரைய மட்டும் மாத்திட்டு தூண்டில அப்படியே விட்டுட்டாங்க.

கேள்வி (பட்டர்வொர்த் வாசகர்): படத்த விடுங்க, கதையே எனக்குப் பிடிக்கல. சித்தி கொடுமைன்னு சொல்லி பிள்ளைங்கள காட்டுல விட்டுட்டு வர்றதெல்லாம் ஒரு குழந்தைக் கதையா அக்கா?

தம்பி, இதக் கேட்டா இன்னும் கஷ்டப்படுவீங்க. கிரிம் சகோதரர்கள் 1812ல முதல்ல அச்சுல போட்டப்ப அது சித்தியே இல்ல, பெத்த அம்மா. 1840ல வந்த நாலாவது பதிப்புலதான் சித்தியா மாத்தினாங்க, பெத்தவ இப்படிச் செய்வாளான்னு படிக்கிறவங்க மனசு தாங்காதுன்னு நினைச்சிருப்பாங்க. ஆனா ஏன் விட்டாங்கன்னு கதை ஆரம்பத்துலயே இருக்கு, நாட்டுல பெரிய பஞ்சம், விறகுவெட்டி வீட்டுல அன்னாட சாப்பாட்டுக்கே வழியில்ல.

இந்த இடத்துல என் பாட்டியப் பத்திச் சொல்லணும். நான் தோட்டத்துல தமிழ்ப்பள்ளியில படிச்சப்ப இந்தக் கதைய வாத்தியார் சொன்னாரு, சாயங்காலம் லயத்து வாசல்ல உட்கார்ந்து கீரை ஆய்ஞ்சுக்கிட்டு இருந்த பாட்டிகிட்ட அப்படியே ஒப்பிச்சேன். சூனியக்காரி வந்தப்ப அவங்க முகத்துல ஒண்ணுமே இல்ல. கீரைய மடியில வச்சுட்டு, "அந்தப் புள்ள கையில எத்தன துண்டு ரொட்டி இருந்துச்சு, அத ஏன் வழியில போட்டான், தங்கச்சிக்குக் குடுக்க வேண்டியதுதானே"ன்னு கேட்டாங்க. ஜப்பான்காரன் காலத்துல மரவள்ளிக்கிழங்க மட்டும் தின்னு உயிர் பிழைச்சவங்க, ஜப்பான்காரன் சயாமுல போட்ட ரயில் பாதை வேலைக்கு வீட்டு ஆம்பளைங்க போனதப் பார்த்தவங்க. ரொட்டிய குருவி தின்னுருச்சுன்னு நான் சொன்னதும் அவங்க விட்ட மூச்சு இருக்கே, எனக்கு இன்னைக்கும் அந்தக் கதையில பயமான இடம் அதுதான், சூனியக்காரி இல்ல.

கேள்வி (பிரிக்பீல்ட்ஸ் இளைஞர்): அக்கா, நாங்க நாலு பேரு சேர்ந்து இதே மாதிரி ஒரு குறும்படம் எடுக்கப் போறோம், நம்ம கோலாலம்பூர்லயே. காமெடிய எங்க வைக்கிறதுன்னு தெரியல, ஒரு காமெடியன போட்டுறலாமா?

வேணாம்யா. காமெடியன தனியா கொண்டுவந்து ஒட்டினா அவன் வர்றப்ப பயம் வெளிய போயிரும், பயம் வர்றப்ப அவன் ஓரமா நிப்பான். இந்தக் கதையில சிரிப்பு ஏற்கனவே உள்ள இருக்கு, அத எடுங்க. சூனியக்காரிக்குக் கண்ணு சரியா தெரியாது, மோப்பம் மட்டும் மிருகம் மாதிரி. பையன் கொழுத்துட்டானான்னு பார்க்க விரல நீட்டச் சொல்றா, அவன் ஒரு சின்ன எலும்ப நீட்டுறான், இவளும் தடவிப் பார்த்துட்டு ஏன் இன்னும் ஒல்லியாவே இருக்கான்னு குழம்புறா, இப்படியே நாலு வாரம் ஓடுது! கடைசியில அடுப்புக்குள்ள நுழைஞ்சு பாருன்னு கிரெட்டலச் சொன்னா, அவ எப்படி நுழையுறதுன்னு எனக்குத் தெரியலையேங்குறா, முட்டாப்பொண்ணே இப்படித்தான்னு கிழவியே தலைய உள்ள விட்டுக் காட்டுறா, ஒரே தள்ளு. ரெண்டு இடத்துலயும் சிரிப்பு வருது, ஆனா உயிர் போற இடம். ஒண்ணும் தெரியாத மாதிரி நடிக்கிற பிள்ளையோட முகம், அதுதான் உங்க காமெடி, கேமராவ அங்க வைங்க.

அப்புறம் இரை. கஞ்சாவ அப்படியே கொண்டு வராதீங்க, அது அமெரிக்காவுல சிரிப்பா இருக்கலாம், இங்க மலேசியாவுல 200 கிராம் கையில இருந்தாலே கடத்தல்னு சட்டம் எடுத்துக்கும், பார்க்குறவங்களுக்கு தூக்குக் கயிறு ஞாபகம் வந்துரும், சிரிக்க மாட்டாங்க. நம்ம பசங்கள இன்னைக்கு இழுக்குற கேக்கு வீடு கைப்பேசியில வர்ற வேலை விளம்பரம். படிப்பு தேவையில்ல, கை நிறைய சம்பளம், டிக்கெட் நாங்களே போடுறோம்னு வரும், நம்பிப் போயி கம்போடியாவுலயும் மியன்மார்லயும் அடைபட்டுக் கிடந்த பிள்ளைங்க இந்த நாட்டுல எத்தனை பேரு. அந்த வீட்டுக் கதவத் திறக்குற கிழவிய ஒரு அன்பான தமிழ்ப் பாட்டியா காட்டுங்க. முதல்ல "பசியாறிட்டியாய்யா?"ன்னு கேட்கட்டும், தியேட்டரே உருகும். ரெண்டாவது தடவை தட்ட நீட்டிக்கிட்டே கேட்கட்டும், சிரிப்பாங்க. மூணாவது தடவை கதவப் பூட்டிட்டு அதே குரல்ல கேட்கணும். நம்மள வளர்த்த ஒரு வார்த்தைய அப்படி திருப்பிப் போட்டா எந்த மேக்கப்பும் வேணாம்.

கேள்வி (கிள்ளான் வாசகி): எதுக்கு ஜெர்மன் கதை? நம்ம கிட்ட இல்லாததா?

சரியான கேள்விமா. பக்கத்துல சிங்கப்பூர்லயே 1957லயே 'பொந்தியானாக்'னு மலாய்ப் பேய்ப்படம் எடுத்தாச்சு, அதுவும் இந்தியாவுல இருந்து வந்த பி. என். ராவ்தான் டைரக்டர், மரியா மெனாடோ நடிச்சாங்க. நம்ம பக்கம்னா எனக்கு பழையனூர் நீலிய யாராவது எடுத்தா தேவலாம்னு ரொம்ப நாள் ஆசை. கள்ளிக்கொம்ப ஒடிச்சு குழந்தையாக்கி இடுப்புல வச்சுக்கிட்டு பேய் ஊர்ச் சபையில வந்து நிக்கிறா, ஒரு வணிகனக் காட்டி இவன் என் புருஷன்னு அழுறா, அவன் இது பேய்யா பேய்யான்னு கத்துறான், ஒருத்தரும் நம்பல. 70 வேளாளர்கள் எங்க உயிர் பொறுப்புன்னு வாக்கு குடுத்து அவள நம்பி அவன அவகூட விடுறாங்க, காலையில அவன் பிணம், சொன்ன சொல்லுக்காக 70 பேரும் தீயில இறங்குறாங்க. சபைக் காட்சி வரைக்கும் முழுக்க காமெடியா எடுக்கலாம், அதுக்கப்புறம் யாரும் மூச்சு விட முடியாது. இன்னைக்கு சபைக்குப் பதிலா குடும்ப வாட்ஸ்அப் குரூப்ப வச்சுப் பாருங்க, பெரியப்பா சித்தப்பா எல்லாம் அவளுக்குத்தான் தம்ஸ்அப் போடுவாங்க.

கேள்வி (பூச்சோங் அம்மா): எட்டு வயசு மகன் அந்தப் படத்தப் பார்க்கணும்னு அடம் பிடிக்கிறான், காட்டலாமா?

கண்டிப்பா வேணாம். கதைய நீங்களே சொல்லுங்க, லைட்ட அணைச்சுட்டு. எலும்பு நீட்டுற இடம் வந்ததும் அவன் கையில ஒரு பென்சில குடுத்து போர்வைக்கு வெளிய நீட்டச் சொல்லிட்டு, நீங்க கண்ண மூடி அதத் தடவிப் பாருங்க.