பிளாங்க்கில் பீக் வந்தால் எங்கே தேடுவது?

கேள்வி: அம்பத்தூர் தொழிற்பேட்டையில் உள்ள மருந்து கம்பெனி ஒன்றின் க்யூசி (தரக் கட்டுப்பாட்டு) லேப்பில் இருக்கிறேன். ஜிசி-எஃப்ஐடியில் (கலவையை ஆவியாக்கிப் பிரித்து, தீச்சுடரில் எரித்து அளக்கும் கருவி) பிளாங்க்காக, அதாவது மாதிரி எதுவும் கலக்காத வெறும் மெத்தனால் 2 மைக்ரோலிட்டர் போட்டாலும் வரைபடத்தில் நாலைந்து பீக் (முகடு) வருகிறது. செப்டம் (ஊசி துளைத்துப் போகும் ரப்பர் அடைப்பு), லைனர் (அதன் கீழே திரவம் ஆவியாகும் கண்ணாடிக் குழாய்) இரண்டையும் மாற்றியாயிற்று. மழைக்கால ஈரப்பதம்தான் காரணமா, கலவையைப் பிரிக்கும் மெல்லிய குழாயான கேபிலரியை மாற்றிவிடலாமா?

பதில்: கேபிலரியில் கை வைக்காதீர்கள். அது தேய்ந்திருந்தால் சூடு ஏற ஏற பேஸ்லைன் (வரைபடத்தின் அடிக்கோடு) மேலே போகுமே தவிர, கூரான பீக் தனித்தனியாக வராது. ஈரப்பதத்தின் மேல் பழி போடுவதும் வீண். எஃப்ஐடிக்குத் தண்ணீர் ஏறக்குறைய கண்ணிலேயே படாது. சுடருக்குச் சுத்தமான காற்று தரும் ஜீரோ ஏர் கம்ப்ரஸரில் தண்ணீர் தேங்கினால் சிக்னலில் இரைச்சல் வரலாம். அதற்கு டிரெயின் வால்வைத் தினமும் திறந்துவிட்டால் போதும்.

முதலில் ஊசியே போடாமல் கேபிலரியைச் சூடேற்றும் ஓவன் புரோகிராமை மட்டும் ஓட்டுங்கள். பீக் இல்லையென்றால் சிரிஞ்சு, சிரிஞ்சைக் கழுவும் திரவக் குப்பி, மெத்தனால் பாட்டில் என்று தேடுங்கள். இருந்தால், ஓவனை 40 டிகிரியில் 5 நிமிடம் நிறுத்தி ஒரு ரன், ஒரு மணி நேரம் நிறுத்தி இன்னொரு ரன். இரண்டாவதில் பீக் பெருத்தால், கேரியர் வாயுவோடு (ஆவியைக் கேபிலரிக்குள் தள்ளிச் செல்லும் வாயு) வரும் அழுக்கு குளிர்ந்த கேபிலரியின் முனையில் சேர்கிறது. இன்லெட்டை (ஊசி போடும் சூடான பகுதி) 250 டிகிரியிலிருந்து 100-க்கு இறக்கி, அந்த ஒரு மணி நேர ரன்னையே திரும்ப ஓட்டுங்கள். பீக் சுருங்கினால் கோளாறு இன்லெட்டில். மாறாவிட்டால் வாயு லைன், ஃபில்டர், சிலிண்டர். பீக்குகள் சம இடைவெளியில் வரிசை கட்டினால் செப்டத்தின் சிலிகோனைச் சந்தேகியுங்கள், புதுசாக இருந்தாலும்.

எனக்கு உறுத்துவது அந்த 2 மைக்ரோலிட்டர்தான். 250 டிகிரி, 10 பிஎஸ்ஐ அழுத்தத்தில் 1 மைக்ரோலிட்டர் மெத்தனால் சுமார் 630 மைக்ரோலிட்டர் ஆவியாக விரியும். 4 மி.மீ. லைனரின் மொத்தக் கொள்ளளவே 1,000-க்குக் கொஞ்சம் குறைவு. இரண்டு போட்டால் 1,260. மிஞ்சியது செப்டம் பர்ஜ் லைனிலும் (செப்டத்தின் அடியைத் துடைத்து வெளியேறும் வாயுவின் குழாய்) கேரியர் லைனிலும் ஏறிக் குளிர்ந்து படிந்து, அடுத்தடுத்த ரன்களில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். டைலுயெண்ட் (மாதிரியைக் கரைக்கும் திரவம்) தண்ணீராக இருந்தால் இன்னும் மோசம்: ஒரே மைக்ரோலிட்டர் 1,400-ஐத் தொடும்.

1 மைக்ரோலிட்டருக்கு மேல் போடாதீர்கள். செப்டம் பர்ஜ் நிமிடத்துக்கு 3 மி.லி. வருகிறதா என்று ஃப்ளோமீட்டர் வைத்துப் பாருங்கள். இன்லெட்டுக்குள் வரும் குழாயைக் கழற்றி மெத்தனால், அசிட்டோனில் அலசி, நைட்ரஜன் ஊதிக் காயவிடுங்கள். இன்லெட்டின் அடி சீலையும் மாற்றுங்கள். ஓவனும் இன்லெட்டும் நன்றாக ஆறும் முன் எதையும் கழற்றக் கூடாது. சூட்டோடு காற்று புகுந்தால் நல்ல கேபிலரியும் கெட்டுவிடும்.