ஜெர்மனி விசாவில் ஸ்ட்ராஸ்பர்க் போகலாமா?

கேள்வி: கார்ல்ஸ்ரூவில் வேலை பார்க்கும் மகளிடம் நானும் மனைவியும் இரண்டு மாதம் தங்கப் போகிறோம். ஜெர்மனி கொடுத்த விசா, சிங்கிள் என்ட்ரி. ஒருநாள் பக்கத்தில் பிரான்சில் இருக்கும் ஸ்ட்ராஸ்பர்க்கைப் பார்த்துவிட்டு வரலாம் என்கிறாள் மகள். இங்கே டிராவல்ஸ்காரரோ, "பிரான்சுக்குத் தனி பர்மிட் வேண்டும், தலைக்கு ஒன்பதாயிரம். இல்லாமல் போனால் உங்கள் ஒரே என்ட்ரி முடிந்துவிடும், திரும்ப ஜெர்மனிக்குள் விடமாட்டார்கள்" என்று பயமுறுத்துகிறார். நாங்கள் சைவம். ஒரு நாள் போதுமா?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: தாராளமாகப் போகலாம். ஒன்பதாயிரத்தைக் கொடுக்காதீர்கள். அப்படி ஒரு பர்மிட்டே கிடையாது.

உங்களிடம் இருப்பது ஷெங்கன் விசா. 29 நாடுகள் சேர்ந்து ஒரே வெளிவாசல் வைத்திருக்கின்றன. ஃபிராங்க்பர்ட்டில் இறங்கி முத்திரையோ கைரேகையோ பதிந்ததும் அந்த ஒரு என்ட்ரி கணக்கில் ஏறிவிடும். அதன்பின் ரைன் நதியைத் தாண்டி பிரான்சுக்குப் போவதும் வருவதும் வீட்டுக்குள் கூடத்திலிருந்து அடுக்களைக்குப் போவது மாதிரிதான். லண்டன் போனால்தான் வம்பு. அது ஷெங்கனுக்கு வெளியே இருப்பதால், போய்விட்டுத் திரும்ப உங்கள் விசா செல்லாது.

ஒரே ஒரு விலக்கு இருக்கிறது. அதை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். விசா ஸ்டிக்கரின் மேல் வரியில், எங்கெல்லாம் செல்லும் என்று ஜெர்மன் மொழியில் அச்சாகியிருக்கும். அங்கே 'ஷெங்கனர் ஷ்டாட்டன்' (ஷெங்கன் நாடுகள்) என்று மட்டும் இருந்தால் கவலை இல்லை. அதற்குப் பின்னால் கழித்தல் குறி போட்டு ஏதாவது எழுத்து இருந்தால், அந்த நாட்டுக்கு மட்டும் செல்லாது என்று பொருள். பிரான்சுக்கு உரிய எழுத்து எஃப். பொதுப்பெயருக்குப் பதிலாக ஓரிரு நாடுகள் மட்டும் குறிப்பிடப்பட்டிருந்தால், அவற்றைத் தாண்டிப் போகக்கூடாது. இந்த மாதிரி விசாவை விசேஷக் காரணத்துக்குத்தான் கொடுப்பார்கள், மகளைப் பார்க்கப் போகும் பெற்றோருக்கு வருவது அபூர்வம். இருந்தாலும் அந்த வரியைப் போட்டோ எடுத்து மகளுக்கு அனுப்பி, இரண்டு பேருடையதையும் தனித்தனியே சரிபார்த்துவிடுங்கள்.

டிராவல்ஸ்காரர்கள் உண்மையில் எச்சரிக்க வேண்டிய விஷயம் வேறு, அதைச் சொல்லமாட்டார்கள். அதிக நாள் தங்கும் நாட்டில்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. உங்களுக்கு அது ஜெர்மனி, சரியாகச் செய்திருக்கிறீர்கள். "ஜெர்மனிக்கு ஸ்லாட் (விசா விண்ணப்பம் கொடுக்கும் நேரம்) இல்லை, வேறு நாட்டில் போடுகிறேன்" என்று பொய்ப் பயணத் திட்டமும் போலி ஹோட்டல் புக்கிங்கும் தயார் செய்து கொடுக்கிறவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். விமான நிலைய அதிகாரி நாலு கேள்வி கேட்டால் மாட்டுவது பயணிதான், ஏஜென்ட் இல்லை. ஸ்லாட்டை இவ்வளவு அரிதாக வைத்து இந்த வியாபாரத்தை வளர்த்துவிட்டதில் அரசாங்கங்களுக்கும் பங்கு உண்டு.

பாஸ்போர்ட் அசலைக் கையில் வைத்திருங்கள். ஜெராக்ஸ், போனில் படம் எல்லாம் எடுபடாது. எல்லையே இல்லாத பகுதி என்று பெயர், ஆனால் பிரான்ஸ் 2015 நவம்பரில் கொண்டுவந்த 'தற்காலிக' சோதனையை நீட்டித்துக்கொண்டே போகிறது. ஜெர்மனியும் 2024 செப்டம்பரில் எல்லா நில எல்லைகளிலும் ஆரம்பித்தது. எல்லாரையும் நிறுத்துவதில்லை, திரும்பும் ரயிலில் போலீஸ் ஏறிக் கேட்டால் காட்டினால் போதும்.

கார்ல்ஸ்ரூவிலிருந்து நேரடி அதிவேக ரயிலில் சுமார் 40 நிமிடம். டிக்கெட்டை ரயில்வேயின் சொந்தத் தளத்தில் மகளே எடுக்கட்டும். சாதா ரயிலில் ஓஃபன்பர்க்கில் மாறியும் போகலாம். மகளிடம் டாய்ச்லாண்ட் டிக்கெட் (ஜெர்மனி முழுக்கச் சாதா ரயில், பஸ்ஸுக்கான மாதச் சீட்டு) இருந்தால், அது எல்லையோர ஜெர்மன் ஊரான கேல் வரைக்கும்தான், ஆற்றைத் தாண்ட வேறு டிக்கெட். உங்களுக்கும் அதை வாங்கினால், அது மாதாமாதம் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் சந்தா என்பது நினைவிருக்கட்டும். 10-ஆம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதப் பணமும் போய்விடும்.

ஒரு நாள் போதும். பழைய நகரம் முழுக்க ஆறு சுற்றிவரும் ஒரு தீவு, நடந்தே பார்க்கலாம். முதலில் தேவாலயம். இளஞ்சிவப்பு மணற்கல், 142 மீட்டர் உயரம், ஒரே கோபுரம். இன்னொன்று கட்டப்படவே இல்லை. 1647-லிருந்து 1874 வரை உலகிலேயே உயரமான கட்டடம் இதுதான். உள்ளே நுழையக் கட்டணம் கிடையாது. 'வரிசையில் நிற்காமல் நுழைய' என்று இணையத்தில் எதையாவது விற்றால் வாங்க வேண்டாம். மேல்தளம் ஏறத்தான் டிக்கெட், முந்நூறுக்கு மேல் படிகள். முட்டியைக் கேட்டுக்கொண்டு ஏறுங்கள்.

பலர் ஏமாறுவது வானியல் கடிகாரத்தில். 1842-ல் முடிந்த இயந்திரம் இன்னும் ஓடுகிறது. முழுக் காட்சி பகல் 12:30-க்கு. இயேசுவின் முன் பன்னிரண்டு சீடர்கள் ஒவ்வொருவராக நகர்ந்து போக, மேலே ஒரு சேவல் இறக்கை அடித்து மூன்று முறை கூவும். அதற்கு முன்பே, பதினொன்றேகால் வாக்கில், பொதுப் பார்வையாளர்களை வெளியே அனுப்பிவிடுவார்கள். அந்த நேரத்தில் தெற்கு வாசலில் டிக்கெட் வாங்கியவர்களுக்கு மட்டும்தான் அனுமதி. ஆகவே காலையில் சீக்கிரம் உள்ளே பார்த்துவிட்டு, தெற்கு வாசலுக்குப் போய்விடுங்கள். ஞாயிறு காலை பூசை நடக்கும், அன்றைக்குத் திட்டமிடாதீர்கள்.

அப்புறம் பெத்தித் பிரான்ஸ் பகுதி. தோல் பதனிட்டவர்களின் மரச்சட்ட வீடுகள், வாய்க்கால்கள். பக்கத்திலேயே வோபான் அணை, மேல்தளத்துக்குக் காசில்லை, ஊரே தெரியும். டிராமில் ஏறினால் ஏறுவதற்கு முன்பே நடைமேடை மெஷினில் டிக்கெட்டைப் பதியுங்கள். டிக்கெட் கையில் இருந்தும் அபராதம் கட்டுகிறவர்கள் உண்டு.

சாப்பாட்டில் கவனம். எல்லாக் கடையிலும் இருக்கும் ஃப்ளாம்குஷ், மெல்லிய மாவில் க்ரீமும் வெங்காயமும் போட்டுச் சுடுவது. பார்க்கச் சைவம் போலத் தெரியும், ஆனால் பன்றி இறைச்சித் துண்டுகளோடுதான் வரும். காளான் வகையிலும் அப்படித்தான். ஆர்டர் கொடுக்கும்போதே 'சான் லார்தோன்' (பன்றி இறைச்சித் துண்டு இல்லாமல்) என்று சொல்லுங்கள். தட்டு வந்த பிறகு பொறுக்கி எடுத்துக்கொள்ளலாம் என்று சர்வர் சொல்வார், ஒத்துக்கொள்ளாதீர்கள்.